இரண்டு மூட்டை அரிசியும் ஒரு வெல்டிங் மெஷினும்

நமது சங்கத்தின் மடக்கு நாற்காலிகளைப் பற்றி உறுப்பினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விழாவுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். சென்ற செயற்குழுக் கூட்டத்தில், கால் விட்டுப்போன நாற்காலிகளை வெளியே கொடுத்து வெல்டு வைத்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. அப்போது, "நான் வீட்டிலேயே செய்து தருகிறேன்" என்று கையைத் தூக்கியவன் அடியேன்.

கூட்டம் முடிந்ததும் மூன்று அன்பர்கள் தனித்தனியே வந்து, தாங்களும் ஒரு வெல்டிங் மெஷின் வாங்க நினைத்திருப்பதாகவும், எதை வாங்கலாம் என்றும் விசாரித்தார்கள். மூவரும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களிடம் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று இதழாசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெல்டர் அல்ல. அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 34 வருடம் குப்பை கொட்டியவன். வெல்டிங் ராடு வாங்கிய பில்களைப் பாஸ் செய்திருக்கிறேனே தவிர, ராடைக் கையால் தொட்டது ஓய்வுக்குப் பிறகுதான். ஆகவே இது நிபுணர் சொல்லும் யோசனை அல்ல. ஒரு முறை தவறாக வாங்கி, இரண்டாம் முறை ஓரளவு சரியாக வாங்கியவனின் அனுபவம்.

2021ல் என் வீட்டு கேட்டின் கீல் விட்டுப்போயிற்று. தரைத்தள வீடு, முன்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி முற்றம். வெல்டரைக் கூப்பிட்டால், "கல் ஆயேகா" என்பார். அந்த 'கல்' வரவே வராது. நாமே வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. இணையத்தில் தேடினேன். கைக்கடக்கமாக ஒரு மெஷின், மேலே கொட்டை எழுத்தில் '250' என்று போட்டிருந்தது. விலையும் மலிவு. ஆம்பியர் அதிகம், விலை குறைவு, கணக்குப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? வாங்கிவிட்டேன்.

கேட்டின் கீல் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதில் வந்த தைரியம்தான் ஊஞ்சல்.

என் மனைவிக்கு லால்குடி. அவளுடைய பிறந்த வீட்டு ஊஞ்சல் பலகையை, அந்த வீட்டை விற்றபோது ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தோம். பத்து வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பேத்திக்கு நான்கு வயதானபோது, அதை மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். உத்தரத்தில் போல்ட் போட்டு முடுக்க எட்டு மி.மீ. கனத்தில் இரண்டு தகடுகள். அவற்றில் சங்கிலி மாட்ட, வளைத்த கம்பியில் கொக்கிகள். கொக்கியைத் தகட்டோடு வெல்டு வைத்தது நான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்ததும் இன்னும் நன்றாக இருந்தது.

காலையிலிருந்து பேத்தி தலையணையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பலகையை மாட்டி முடித்ததும் ஓடி வந்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "நீங்க வச்ச வெல்டுதானே? முதல்ல அரிசி மூட்டை உட்காரட்டும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் 25 கிலோ மூட்டைகள் இரண்டை ஏற்றி வைத்து மெதுவாக ஆட்டிவிட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் இருக்கும். டமால் என்று ஒரு சத்தம். ஒரு பக்கக் கொக்கி தகட்டை விட்டுக் கழன்று, பலகை சரிந்து, ஒரு மூட்டை வாய் பிளந்து கூடமெங்கும் அரிசி. பேத்தி கை தட்டிச் சிரித்தாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மைத்துனர் மகன் திருச்சியை அடுத்த துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறான். பெல் கொதிகலன் தொழிற்சாலையைச் சுற்றி அங்கே அப்படிப்பட்ட பட்டறைகள் ஏராளம். பெல் நிறுவனம் 1975லேயே வெல்டிங்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் திருச்சியில் ஏற்படுத்திவிட்டது. அந்தக் காற்றைச் சுவாசிக்கிற பையன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். விட்டுப்போன கொக்கியின் படத்தை அவனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"மாமா, இது வெல்டே இல்லை. மேலே அப்பளம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. உள்ளே இறங்கவே இல்லை. தகட்டைப் பாருங்க, பழைய மேல்தோல் அப்படியே இருக்கு."

"250 ஆம்பியர் மெஷின்டா!"

"அது ஸ்டிக்கர் மாமா. உங்க வீட்டு பிளக்கிலேர்ந்து 250 ஆம்பியர் எப்படி வரும்? நீங்க கணக்குப் பார்க்கிறவர்தானே, கணக்குப் போட்டுப் பாருங்க."

கணக்குப் போட்டேன். அதை வாசகர்களும் தெரிந்துகொண்டால், கடைக்காரரின் பேச்சில் பாதியைக் கேட்காமலேயே விட்டுவிடலாம்.

வெல்டிங் ராடின் நுனியில் எரிகிற தீப்பொறிக்கு, அதாவது ஆர்க்குக்கு, சுமார் 23 முதல் 28 வோல்ட் போதும். ஆனால் ஆம்பியர் நிறைய வேண்டும். 80 ஆம்பியரில் வேலை செய்தால் 23 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,840 வாட். மெஷின் தனக்கென்று கொஞ்சம் விழுங்கும்; பவர் ஃபாக்டர் என்று ஒரு கழிவும் உண்டு. எல்லாம் சேர்த்தால் சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் கீஸருக்குப் போட்டிருக்கும் பெரிய பிளக் 16 ஆம்பியர். ஆகவே 80 ஆம்பியர் சரி. அதுவே 120 ஆம்பியர் என்றால் சுவரிலிருந்து 20க்கு மேல் போய்விடும். 200 ஆம்பியரை முழுதாக எடுக்க வேண்டுமானால் 40 ஆம்பியர் வேண்டும். அதற்கு வீட்டின் வயரிங்கையே மாற்ற வேண்டும். கைக்கடக்கமான பெட்டியில் 250 என்று எழுதியிருந்தால், எழுதியவரின் தாராள மனசைத்தான் அது காட்டுகிறது. என் மெஷின் உண்மையில் தந்தது 90ஐத் தாண்டியிருக்காது என்பது பையனின் கணிப்பு. எட்டு மி.மீ. தகட்டுக்கு அது எந்த மூலைக்கு?

"அப்போ மெஷின்தான் தப்பு" என்றேன் ஆறுதலாக.

"பாதி மெஷின், பாதி நீங்க மாமா" என்றான்.

மறுபடி வாங்குவதற்கு முன் அவன் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தான். மெஷினைப் பற்றிப் பேசாமல், என்னென்ன ஒட்டப் போகிறேன் என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றின் கனத்தோடு. எழுதினேன்: கேட், ஜன்னல் கிரில், பூந்தொட்டி ஸ்டாண்டு, துணி காயப்போடும் கம்பியின் தாங்கி, மண்வெட்டி, மடக்கு நாற்காலி. எல்லாம் ஒரு மி.மீ.யிலிருந்து ஐந்து மி.மீ.க்குள் அடங்கிவிட்டது. எல்லாம் சாதாரண இரும்பு. எவர்சில்வர் ஒன்றுகூட இல்லை, அலுமினியம் இல்லை.

அந்தப் பட்டியல் முக்கால்வாசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டது. சைக்கிள் கேரியர் முதல் கேட் வரை சாதாரண இரும்புக்கு, ராடு வைத்துச் செய்யும் ஆர்க் வெல்டிங் போதும். கார் பாடி போன்ற மெல்லிய தகடுகளை நிறைய ஒட்டுகிறவர்களுக்கு, கம்பிச் சுருள் தானாக ஓடிவரும் மிக் மெஷின் வசதி. ஆனால் அதற்கு வாயு சிலிண்டர் வேண்டும். திறந்த முற்றத்தில் காற்றடித்தால் அந்த வாயு கலைந்து வெல்டு ஓட்டை ஓட்டையாகும். சிலிண்டர் இல்லாமல் ஓடும் கம்பியும் வந்திருக்கிறது. புகை அதிகம், கம்பியின் விலையும் அதிகம். அலுமினியத்துக்கு டிக் என்று வேறொரு வகை இருக்கிறது. அதைக் கற்க என் வயதில் பொறுமை இல்லை. நண்பர் ஒருவர் தம் உறவினர் பட்டறையிலிருந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினை இலவசமாகவே தருகிறேன் என்றார். உழைக்கும் ஜாதி அது, சந்தேகமில்லை. ஆனால் எண்பது கிலோ எடை, இரண்டு ஃபேஸ் மின்சாரம். என் வீட்டில் இருப்பது ஒரு ஃபேஸ். நன்றி சொல்லி விட்டுவிட்டேன்.

ஆக, ஒற்றை ஃபேஸில் ஓடும் இன்வெர்ட்டர் வகை ஆர்க் மெஷின் என்று முடிவாயிற்று. மின்தடைக்கு வைக்கிற இன்வெர்ட்டர் அல்ல இது; உள்ளே மின்சாரத்தை வேகமாக வெட்டி மாற்றும் மின்னணுச் சுற்று இருப்பதால் அந்தப் பெயர். அதனால்தான் ஐந்தாறு கிலோவில் அடங்குகிறது. அதில் ஐ.ஜி.பி.டி. வகை வாங்கச் சொன்னான் பையன்.

மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நாக்தேவி தெருவுக்குப் போனேன். கருவிகளும் ஹார்டுவேரும் வாங்க பம்பாயில் அதைவிட வேறிடம் எனக்குத் தெரியாது. இணையத்தைவிட நூறு இருநூறு கூடவே ஆகலாம். ஆனால் பழுதானால் தூக்கிக்கொண்டு போய் முகத்துக்கு நேரே கேட்கலாம். முதல் மெஷின் பழுதானபோது யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

கடையில் நான் கேட்டது மூன்றே கேள்வி. முதலாவது, டூட்டி சைக்கிள் எத்தனை ஆம்பியரில் எத்தனை சதவீதம்? நம் மிக்ஸியின் அடியில் ஐந்து நிமிடம் ஓட்டு, இரண்டு நிமிடம் நிறுத்து என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், நான்கு நிமிடம் ஓய்வு. அந்தச் சதவீதம் எந்த வெயிலில் என்பதையும் பார்க்க வேண்டும். 40 டிகிரியில் சோதித்தது என்று போட்டிருந்தால் நம்பலாம். 20, 25 டிகிரி என்றிருந்தால் அது நம் மே மாதத்துக்கு ஆகாது. இரண்டாவது, பெட்டியோடு வரும் கேபிள் செம்பா, செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியமா? கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லைக் காட்டிவிடும். மூன்றாவது, ஒரு 3.15 மி.மீ. ராடை முழுதாக எரித்துக் காட்டுவீர்களா? முதல் இரண்டு கடைக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாமவர், ஒரு குஜராத்திப் பெரியவர், பையனைக் கூப்பிட்டுப் பின்பக்கச் சந்தில் எரித்துக் காட்டச் சொன்னார். நடுவில் அணையாமல், மெஷின் நிற்காமல், ராடு கடைசிவரை எரிந்தது. அவரிடமே வாங்கினேன். 200 ஆம்பியர் மெஷின்தான். 200ஐ நான் ஒருநாளும் எடுக்கப் போவதில்லை. 80, 90ல் ஓட்டினால் அது சூடேறாமல் நிதானமாக ஓடும் என்பதற்காக. விலை ஏழாயிரத்துச் சொச்சம். காய்கறிப் பையில் வைத்து அம்பர்நாத் லோக்கலில் கொண்டுவந்துவிட்டேன். எதிரே உட்கார்ந்த அம்மாள் மிக்ஸியா என்று கேட்டார்.

மெஷினுக்கு ஆன பணத்தில் ஏறக்குறைய பாதியை மற்றச் சாமான்களுக்குச் செலவழித்தேன். இங்கேதான் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். நானும் முதல் தடவை செய்தேன்; அதன் பலனையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் கைக்கண்ணாடி இலவசமாக வந்தது. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ராடு பிடிப்பது எனக்குப் பழகவில்லை. ஆரம்பப் பொட்டு வைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது, ஒன்றும் தெரியவில்லை. இரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு கண்ணிலும் ஒரு பிடி மணலைப் போட்டுக் கசக்கியதுபோல வலி. கண்ணைத் திறக்க முடியவில்லை, மூடவும் முடியவில்லை. ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. சுட்டது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் உருளைக்கிழங்குத் துண்டு வைக்கச் சொன்னார்கள். காலையில் போன கண் டாக்டர், எதையும் வைக்கவேண்டாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் சரியாயிற்று. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மட்டும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தாமாகவே போட்டுக்கொள்ளக்கூடாது, அது புண்ணை ஆறவிடாது என்று எச்சரித்தார்.

இப்போது என்னிடம் இருப்பது தலையில் மாட்டுகிற, ஆர்க் எழுந்த கணமே தானாகக் கறுத்துவிடும் முகமூடி. 10, 11 எண் கறுப்பில் வைத்திருக்கிறேன். புதிதாகக் கற்கிறவருக்கு இதைவிட உதவியான பொருள் இல்லை. ராடின் நுனி எங்கே இருக்கிறது என்று முன்னதாகவே பார்த்து வைக்கலாமே! தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ, ஒரு சிறிய கிரைண்டர், அதற்கு வெள்ளைக் கண்ணாடி. டெரிகாட்டன் பேன்ட்டில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லுங்கியும் ஹவாய் செருப்புமாக வெல்டு வைக்கிற காட்சியைத் தெருவில் தினமும் பார்க்கிறோம். பார்த்ததோடு நிறுத்திக்கொள்வோம்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மின் கட்டண பில்லில் 'மஞ்சூர் பார்' என்று மராட்டியில் ஒரு வரி இருக்கும். உங்கள் வீட்டுக்கு அனுமதித்த மின் சுமை அது. ஒரு கிலோவாட் என்று இருந்தால், முதலில் அதை உயர்த்த விண்ணப்பம் கொடுத்துவிட்டு மெஷினைப் பற்றி யோசியுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மி.மீ. வயரைத் தனியாக இழுக்கச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருக்கிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினால், வயர் சூடாகும். ராடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. கீழ்வீட்டுக் கொடியில் காயும் புடவையில் பொறி விழுந்தால் செக்ரட்டரி வரைக்கும் போகும், சும்மாவும் விடக்கூடாது.

ராடு விஷயம் எளிது. இ 6013 என்று கேளுங்கள். கடையில் 12 நம்பர் என்றால் 2.5 மி.மீ.; 10 நம்பர் என்றால் 3.15 மி.மீ. முதல் ஒரு மாதத்துக்கு 12 நம்பர் மட்டும் போதும். 70 முதல் 90 ஆம்பியர். ஒரு பாக்கெட்டை முழுக்கப் பழைய இரும்பில் எரித்துப் பழகுங்கள். பங்கார்வாலாவிடம் ஐந்து மி.மீ. பட்டைத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். இரண்டு துண்டை ஆங்கில 'டி' எழுத்து மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, ஆறியபின் சுத்தியலால் அடித்து மடக்கி உடையுங்கள். உடைந்த இடத்தில் மூலைவரை உருகிக் கலந்திருக்கிறதா, இல்லை அப்பளமா என்று தெரிந்துவிடும். எனக்குப் பதினேழாவது துண்டில்தான் அப்பளம் போயிற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ராடு ஈரம் குடிக்கும். இறுக்கமான பிஸ்கட் டப்பாவில் வையுங்கள். மெஷினையும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கிரைண்டர் பிடிக்கும்போது மெஷினைத் தள்ளி வையுங்கள். அதன் விசிறி இரும்புத் தூளை உள்ளே இழுத்துச் சுற்றைச் சாகடித்துவிடும். என் முதல் மெஷின் போனது அப்படித்தான்.

துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயைப் பூச்சைத் தேய்க்காமல் எரித்தால், அந்தப் புகையில் மாலையில் குளிர்காய்ச்சல் மாதிரி வந்து ஆட்டும். பெட்ரோல் டாங்க், மூடிய பீப்பாய், காலியாக இருந்தாலும் தொடவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தங்கள் இதய டாக்டரைக் கேட்காமல் பக்கத்தில்கூட வரக்கூடாது. நம் சங்கத்தில் அப்படி இருவர் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். அந்தக் குழாயின் கனம் ஒரு மி.மீ. சொச்சம். 12 நம்பர் ராடு பட்டால் ஓட்டையாகிவிடும். 2 மி.மீ. ராடு, 45 ஆம்பியர், ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, அடுத்த பொட்டு. ஒரு காலுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. இதுவரை ஒன்பது முடிந்தது, பதினொன்று பாக்கி. முடிந்தவற்றின் அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். என் மனைவி ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை அரிசியை உட்கார வைத்துப் பார்த்துவிட்டாள்.

ஊஞ்சலை நான் மறுபடி தொடவில்லை. மனிதர் ஏறுகிற, தொங்குகிற எதையும், ஏணியானாலும் ஸ்கூட்டர் ஸ்டாண்டானாலும், நான் ஒட்டுவதில்லை என்று பையனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தொழில் தெரிந்த வெல்டர் ஒருவர், கொக்கிக்குப் பதிலாக நட்டுப் போட்டு முடுக்குகிற கண் போல்ட்டுகளே இதற்குச் சரி என்று வெல்டே இல்லாமல் மாட்டிக் கொடுத்தார். அவர் போன பிறகு என் மனைவி மூட்டைகளை எடுத்து வந்தாள். இந்த முறை மூன்று. ஒரு ராத்திரி முழுக்க. காலையில்தான் பேத்திக்கு இடம் கிடைத்தது.